ராபர்ட் பிளான்ட்டின் தனி ஆல்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராபர்ட் பிளான்ட் என்றால் லெட் ஜெப்பலின் ராக் குழுவின் பாடகர்தானே? அதற்கு வெளியே பேச என்ன இருக்கிறது?

அவரேதான். 'ஹோல் லோட்டா லவ்', 'இமிக்ரன்ட் சாங்' பாட்டுகளில் உச்சஸ்தாயியில் கேட்கும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர். ஆனால் லெட் ஜெப்பலின் இருந்தது 1968 முதல் 1980 வரை, பன்னிரண்டு ஆண்டுகள்தான். அதன்பிறகு 1982ல் முதல் தனி ஆல்பம் வந்தது. 2025 செப்டம்பரில் 'சேவிங் கிரேஸ்' வந்தது. நடுவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. நம்மில் பலர் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கேட்டுவிட்டு, மீதியைத் தொடாமலே விட்டுவிட்டோம். அந்த மீதிக்காகத்தான் இந்தப் பக்கம்.

கூட்டத்தைத் தன் குரலால் ஆட்டிப்படைத்த ஒருவர், பக்கத்தில் நிற்பவர் என்ன வாசிக்கிறார், என்ன பாடுகிறார் என்று காது கொடுக்கக் கற்றுக்கொண்ட கதையாகத்தான் இந்த ஆல்பங்களை நான் கேட்கிறேன். அது ஒரே நாளில் நடக்கவில்லை. சறுக்கல்களும் உண்டு.

ஜெப்பலினுக்கு முன்பே தனியாகப் பாடியிருக்கிறாரா?

பாடியிருக்கிறார். 1948 ஆகஸ்ட் 20ல் இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச்சில் பிறந்தவர். பள்ளி வயதிலேயே அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைத்தட்டுகளில் மயங்கி, பர்மிங்காம் பக்கத்துச் சின்னக் குழுக்களில் பாட ஆரம்பித்துவிட்டார். 1966ல் 'லிசன்' என்ற குழுவின் பாடகராக சிபிஎஸ் நிறுவனத்துக்கு ஒரு சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டு) பாடினார். 1967ல் அதே நிறுவனம் அவர் பெயரிலேயே இரண்டு சிங்கிள்கள் வெளியிட்டது. அதில் 'அவர் சாங்' என்பது ஓர் இத்தாலியப் பாட்டின் ஆங்கில வடிவம், உருகிப் பாடும் காதல் பாட்டு. எதுவும் விற்கவில்லை.

அதே காலத்தில் 'பேண்ட் ஆஃப் ஜாய்' என்ற குழுவையும் நடத்தினார். டிரம்ஸ் வாசித்தவர் ஜான் பான்ஹம். 1968ல் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் புதுக்குழுவுக்குப் பாடகர் தேடியபோது, முதலில் கேட்கப்பட்ட டெர்ரி ரீட் மறுத்துவிட்டு பிளான்ட்டைக் கைகாட்டினார். பிளான்ட் பான்ஹமையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

அந்த 1966, 1967 பதிவுகளைக் கேட்க விரும்பினால் 2003ல் வந்த 'சிக்ஸ்டி சிக்ஸ் டு டிம்பக்டு' தொகுப்பில் இருக்கின்றன. பதினெட்டு வயதுப் பையன் பெரிய பாடகர்களைப் போலப் பாட முயல்வது நன்றாகவே தெரியும்.

ஜெப்பலினை ஏன் அப்படியே நிறுத்திவிட்டார்கள்? வேறு டிரம்மரை வைத்துத் தொடர்ந்திருக்கலாமே?

1980 செப்டம்பர் 25ல் பான்ஹம் இறந்தார். வயது 32. அளவுக்கு மீறிய குடி. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, இனி தொடரப்போவதில்லை என்று மற்ற மூவரும் அறிவித்துவிட்டார்கள்.

பிளான்ட்டுக்கு இது வெறும் குழுவின் முடிவாக இருக்கவில்லை. 1975ல் கிரேக்கத் தீவான ரோட்ஸில் கார் விபத்தில் சிக்கி, அடுத்த ஆல்பத்தைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடினார். 1977ல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே, ஐந்து வயது மகன் கராக் நோயால் இறந்துவிட்டான் என்ற செய்தி வந்தது. அப்போதே பாட்டை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம் என்று யோசித்தவர் அவர். திரும்ப அழைத்து வந்ததில் பான்ஹமுக்குப் பெரிய பங்கு உண்டு. சின்ன வயதிலிருந்து கூடவே வந்த அந்த நண்பரும் போன பிறகு, அதே பெயரில் எப்படி மேடையேறுவது? இதை மனதில் வைத்துக்கொண்டால், அவர் பின்னால் எடுத்த பல முடிவுகள் புரியும்.

முதல் தனி ஆல்பம் எப்படி வந்தது?

1981ல் அவர் 'ஹனிடிரிப்பர்ஸ்' என்ற பெயரில் ஒரு சின்னக் குழுவோடு இங்கிலாந்தின் கிளப்புகளில் பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். ஸ்டேடியங்களை நிரப்பியவர் சில நூறு பேர் முன்னால் நின்று பாடினார். அங்கே கிட்டார் வாசித்த ராபி பிளன்ட்டோடு சேர்ந்து புதுப் பாட்டுகள் எழுத ஆரம்பித்தார். 1982ல் 'பிக்சர்ஸ் அட் லெவன்' வந்தது.

டிரம்ஸில் யார் உட்காருவது? அந்த நேரத்தில் அவரிடம் கேட்கக் கூடாத கேள்வி என்றால் இதுதான். எட்டுப் பாட்டுகளில் ஆறுக்கு ஃபில் காலின்ஸ் வாசித்தார், இரண்டுக்கு கோஸி பவல். காலின்ஸ் அப்போது ஜெனிசிஸ் குழுவிலும் தனியாகவும் உச்சத்தில் இருந்தவர். பான்ஹமின் வாசிப்பின் மேல் பெருமதிப்பு வைத்திருந்தவர். 1983ல் பிளான்ட் வட அமெரிக்காவில் சுற்றியபோதும் பின்னால் உட்கார்ந்து வாசித்தார், தன் பெயர் சுவரொட்டியில் பெரிதாக வரவேண்டும் என்று கேட்காமல். இந்த உதவி பற்றிப் பேசுபவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், பிளான்ட் மறுபடி எழுந்து நின்றதற்கு முதல் காரணங்களில் ஒன்று அது.

ஆல்பம் விற்பனைப் பட்டியலில் பிரிட்டனில் 2ம் இடம் வரை, அமெரிக்காவில் 5ம் இடம் வரை போனது. எகிப்தியப் பாடகி உம் குல்சூமை அவர் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தவர். 'ஸ்லோ டான்சர்' பாட்டில் அந்த அரபு வாசனை தெரியும். பிற்காலத்தில் அவர் போகப்போகும் திசைக்கு அந்த ஒரு பாட்டு முன்னோட்டம்.

'பிக் லாக்' பாட்டை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

1983ல் வந்த இரண்டாவது ஆல்பம் 'தி பிரின்சிபிள் ஆஃப் மொமென்ட்ஸ்'. அவருடைய சொந்த இசை நிறுவனமான எஸ் பரான்சாவில் வந்த முதல் ஆல்பமும் இதுதான். அதன் கடைசிப் பாட்டு 'பிக் லாக்'. பிரிட்டனில் 11ம் இடம், அமெரிக்காவில் 20ம் இடம்.

நீண்ட சாலையில் தனியாகக் கார் ஓட்டும் ஒருவனின் மனநிலை. டிரம் மெஷினின் சீரான தட்டு, மேலே ராபி பிளன்ட்டின் தெளிந்த கிட்டார். பிளான்ட் எங்கேயும் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தப் போகிறார் என்று காத்திருந்து காத்திருந்து, உயர்த்தாமலே பாட்டு முடிந்துவிடும். ஜெப்பலின் ரசிகர்களுக்கு அன்று அது ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். இவருக்குள் வேறொரு பாடகர் இருக்கிறார் என்று எனக்கு முதலில் காட்டிய பாட்டு அது. இரவு, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஹனிடிரிப்பர்ஸ் ஆல்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

அது முழு ஆல்பம்கூட இல்லை, ஐந்து பாட்டுகள். 1984ல் அட்லாண்டிக் நிறுவனத்தின் தலைவர் அகமத் எர்டெகுனின் ஆசைக்காக, 1950களின் பாட்டுகளைப் பாடினார். பேஜ், ஜெஃப் பெக், நைல் ராட்ஜர்ஸ் எல்லோரும் கிட்டார் வாசித்தார்கள். அதில் 'சீ ஆஃப் லவ்' ஒரு சிங்கிளின் இரண்டாம் பக்கத்தில் போட்ட பாட்டு. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட, அது அமெரிக்காவில் 3ம் இடத்துக்குப் போய்விட்டது! மெல்லிசைப் பாடகர் என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்று அவருக்கே கவலை. 'வால்யூம் ஒன்' என்று பெயர் வைத்தார்கள், இரண்டாவது வால்யூம் வரவேயில்லை.

1985ல் என்ன ஆயிற்று?

இரண்டு விஷயங்கள், இரண்டும் சரியாக அமையவில்லை. முதலாவது 'ஷேக்கன் அண்ட் ஸ்டர்ட்' ஆல்பம். சிந்தசைசர், உடைந்து உடைந்து வரும் தாளம், எதிர்பாராத திருப்பங்கள். 'லிட்டில் ஃபீட்' குழுவின் ரிச்சி ஹேவர்ட் டிரம்ஸில் அற்புதம் செய்திருக்கிறார். ஆனால் பாட்டுகள் மனதில் தங்கவில்லை. 'லிட்டில் பை லிட்டில்' தவிர வேறெதையும் நான் திரும்பப் போய்க் கேட்பதில்லை.

இரண்டாவது, ஜூலை 13ல் பிலடெல்பியாவில் பஞ்ச நிவாரண நிதிக்காக நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சி. பேஜ், ஜெப்பலினின் பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ், பிளான்ட் மூவரும் சேர்ந்து மேடையேறினார்கள். ஃபில் காலின்ஸும் டோனி தாம்சனும் டிரம்ஸில். ஒத்திகை போதவில்லை, பிளான்ட்டின் தொண்டை கட்டியிருந்தது, பேஜின் கிட்டார் சுருதி சேரவில்லை. 2004ல் லைவ் எய்ட் டிவிடி வந்தபோது அந்தப் பகுதியைச் சேர்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

'நவ் அண்ட் ஜென்' ஆல்பத்தில் பழைய ஜெப்பலின் சத்தங்கள் கேட்கின்றனவே?

கேட்கும். வேண்டுமென்றே வைத்தவை. 1986ல் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழு தங்கள் ஆல்பத்தில் ஜெப்பலின் பதிவுகளிலிருந்து துண்டுகளை எடுத்துப் போட்டிருந்தார்கள். 1988ல் பிளான்ட் அதற்குப் பதிலாக, 'டால் கூல் ஒன்' பாட்டின் முடிவில் தானே 'பிளாக் டாக்', 'ஹோல் லோட்டா லவ்' போன்றவற்றிலிருந்து துண்டுகளை வெட்டி ஒட்டினார். அதே பாட்டில் பேஜே வந்து நேரடியாகக் கிட்டார் வாசித்ததுதான் அழகு.

இதில் ஒரு நிம்மதி தெரிகிறது. ஆறேழு ஆண்டுகளாகத் தன் கச்சேரிகளில் ஜெப்பலின் பாட்டுகளைத் தொடாமல் இருந்தவர், அந்தக் காலத்தைக் கையில் எடுத்து விளையாட ஆரம்பித்தார். மேடையிலும் பழைய பாட்டுகள் திரும்ப வந்தன. கீபோர்ட் கலைஞர் ஃபில் ஜான்ஸ்டன் அவருடைய புது எழுத்துத் துணையானார். ஆல்பம் அமெரிக்காவில் 30 லட்சத்துக்கு மேல் விற்றது. எண்பதுகளுக்கே உரிய அந்த டிரம் சத்தம் இன்று கொஞ்சம் பழசாகத் தெரியும். 'ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்' மட்டும் அப்படியே நிற்கிறது.

'மேனிக் நிர்வாணா', 'ஃபேட் ஆஃப் நேஷன்ஸ்' இரண்டில் எது?

1990ல் வந்த 'மேனிக் நிர்வாணா' சத்தமான ராக் ஆல்பம். உற்சாகமாகப் போகும். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

1993ல் வந்த 'ஃபேட் ஆஃப் நேஷன்ஸ்' வேறு ரகம். அவருடைய எண்பது, தொண்ணூறுகளின் ஆல்பங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். அமெரிக்காவில் 34ம் இடத்தோடு நின்றுவிட்டது, அதனாலேயே பலர் கேட்காமல் விட்டார்கள். மின்சாரக் கருவிகளைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, பிரிட்டிஷ் நாட்டார் இசைக்கும் அறுபதுகளின் கலிஃபோர்னியா பாட்டுகளுக்கும் திரும்பினார். 'காலிங் டு யூ' பாட்டில் நைஜல் கென்னடியின் வயலின் பொறி பறக்கும். 'கம் இன்டூ மை லைஃப்' பாட்டில் ரிச்சர்ட் தாம்சனின் கிட்டாரும் கிளானட் குழுவின் மோயா பிரெனனின் குரலும் சேர்ந்து வரும். டிம் ஹார்டினின் 'இஃப் ஐ வேர் எ கார்பென்டர்' பாட்டை எவ்வளவு அடக்கமாகப் பாடியிருக்கிறார் என்று கவனியுங்கள்.

அப்புறம் 'ஐ பிலீவ்'. பதினாறு ஆண்டுகளுக்கு முன் இழந்த மகன் கராக்குக்கான பாட்டு. ஜெப்பலின் காலத்திலேயே 'ஆல் மை லவ்' அவனுக்காக எழுதப்பட்டதுதான். அதில் காயம் ஆறாத குரல். 'ஐ பிலீவ்' பாட்டில் மெட்டு வெளிச்சமாக இருக்கிறது, ஒரு தகப்பன் பையனோடு சாதாரணமாகப் பேசுவது போல. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நான் அப்படிக் கேட்ட அன்று வேறெதையும் கேட்க முடியவில்லை.

பேஜோடு மறுபடி சேர்ந்த ஆண்டுகளைத் தனிப்பாதையில் சேர்க்கலாமா? 'பம்பாய் ரெக்கார்டிங்' என்கிறார்களே, அது என்ன?

சேர்க்கலாம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் திசையைத் தீர்மானித்ததில் பிளான்ட்டின் கை இருந்தது. 1994ல் எம்டிவி நிகழ்ச்சிக்காக இருவரும் சேர்ந்து, பழைய பாட்டுகளை மொராக்கோவின் மராகேஷில் உள்ளூர்க் கலைஞர்களோடும், லண்டனில் எகிப்திய இசைக்குழுவோடும், வேல்ஸ் மலைப்பகுதியிலும் வாசித்தார்கள். 'நோ குவார்ட்டர்' என்ற பெயரில் ஆல்பமாக வந்தது. 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாட்டை இந்திய வம்சாவளி பிரிட்டிஷ் பாடகி நஜ்மா அக்தரோடு சேர்ந்து பாடினார். ஜான் பால் ஜோன்ஸை அழைக்காமல் விட்டது மட்டும் எனக்கு இன்றும் நெருடல்.

பம்பாய்க் கதை அதற்கு வெகு முந்தையது. 1972 அக்டோபரில் ஜப்பான் பயணம் முடிந்து பேஜும் பிளான்ட்டும் பம்பாயில் இறங்கி, அங்கிருந்த இந்தியக் கலைஞர்களோடு 'ஃபிரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' இரண்டையும் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். தபலாவும் தந்தி வாத்தியங்களும் சேர்ந்த அந்தப் பதிவு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கள்ளப் பிரதிகளாக மட்டுமே சுற்றிக்கொண்டிருந்தது. 2015ல் ஜெப்பலினின் 'கோடா' ஆல்பத்தின் விரிவான பதிப்பில்தான் முறையாக வெளியானது. 1994ல் செய்ததற்கு விதை அங்கேயே போடப்பட்டிருந்தது.

இதையொட்டி அடிக்கடி வரும் இன்னொரு சந்தேகம்: ஜெப்பலினின் 'காஷ்மீர்' பாட்டை எழுதும்போது அவர் காஷ்மீரைப் பார்த்தவர் இல்லை. தெற்கு மொராக்கோவின் பாலைவனச் சாலை ஒன்றில் கார் போய்க்கொண்டே இருந்தபோது பிறந்த வரிகள் அவை.

1998ல் இருவரும் புதுப் பாட்டுகளோடு 'வாக்கிங் இன்டூ கிளார்க்ஸ்டேல்' கொடுத்தார்கள். அதிலிருந்த 'மோஸ்ட் ஹை' சிறந்த ஹார்ட் ராக் நிகழ்த்துதலுக்கான கிராமி வாங்கியது. அதிலிருந்த இன்னொரு பாட்டின் பெயரை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 'பிளீஸ் ரீட் தி லெட்டர்'.

ஆப்பிரிக்க இசைப் பக்கம் எப்போது போனார்?

2000க்குப் பிறகு. 'ஸ்ட்ரேஞ்ச் சென்சேஷன்' என்ற குழுவை அமைத்தார். அதில் கிட்டார் வாசித்த ஜஸ்டின் ஆடம்ஸ், சஹாரா பாலைவனத்தின் துவாரெக் இன இசைக்குழுவான டினாரிவெனின் ஆல்பத்தைத் தயாரித்தவர். 2003 ஜனவரியில் மாலி நாட்டில், டிம்பக்டுவைத் தாண்டி எசகானே என்ற மணல் வெளியில் நடந்த பாலைவன இசைவிழாவுக்கு இருவரும் போய் வாசித்தார்கள். மிசிசிப்பி ப்ளூஸை இளமையில் குடித்து வளர்ந்தவர், அதன் வேர் ஓடும் மண்ணிலேயே போய் உட்கார்ந்து கேட்டார்.

2002ல் வந்த 'டிரீம்லேண்ட்' பெரும்பாலும் மற்றவர்கள் பாட்டுகள். டிம் பக்லியின் 'சாங் டு தி சைரன்' அதில் இருக்கிறது, கிட்டத்தட்ட கிசுகிசுப்பாகப் பாடியிருப்பார். 2005ல் வந்த 'மைட்டி ரீஅரேஞ்சர்' முழுக்கச் சொந்தப் பாட்டுகள். ஹார்ட் ராக் பிடித்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. கனமான கிட்டார் இருக்கிறது, ஆனால் அதன் கீழே ஓடும் தாளம் வட ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. 'டின் பான் வேலி' பாட்டில், பழைய புகழை வைத்தே காலம் தள்ளும் தன் தலைமுறைக் கலைஞர்களைக் கடுமையாகவே கேட்கிறார்.

பின்னாளில் இதே ஆட்களில் பலரோடு 'சென்சேஷனல் ஸ்பேஸ் ஷிஃப்டர்ஸ்' குழு உருவானது. காம்பியாவின் ஜுல்தே கமாரா அதில் ரிட்டி வாசிப்பார். ஒற்றைத் தந்தி பூட்டிய வில் வாத்தியம். 2014ன் 'லல்லபை அண்ட் தி சீஸ்லெஸ் ரோர்' ஆல்பத்தின் முதல் பாட்டில் அது நுழையும் இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

'ரெய்சிங் சாண்ட்' ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது?

அலிசன் கிரௌஸ் 1971ல் பிறந்தவர். அமெரிக்க மலைநாட்டு புளூகிராஸ் இசையில் சிறுமியாக இருந்தபோதே வயலினும் பாட்டுமாகப் பெயர் வாங்கியவர். தண்ணீர் போல் தெளிந்த குரல், ஒரு ஸ்வரம் பிசகாது. பிளான்ட் அதற்கு நேர் எதிர். ஒரே பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரி பாடத் தெரியாதவர், போகிற போக்கில் சங்கதிகளை மாற்றிக்கொண்டே போகிறவர். ப்ளூஸ் கலைஞர் லெட்பெல்லி நினைவாக நடந்த ஒரு நிகழ்ச்சியில் சேர்ந்து பாடியபோது இருவரும் அறிமுகம் ஆனார்கள். தயாரிப்பாளர் டி போன் பர்னெட் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்: எவர்லி பிரதர்ஸ், ஜீன் கிளார்க், டாம் வெயிட்ஸ், டவுன்ஸ் வான் சாண்ட். 2007 அக்டோபரில் ஆல்பம் வந்தது.

முக்கியமான விஷயம் இதுதான். இருவர் ஒன்றாகப் பாடும் புளூகிராஸ் முறையில், இரண்டாம் குரல் முதல் குரலை நிழல் போலத் தொடர வேண்டும். எங்கே மூச்சு விடுகிறார், எங்கே சொல்லை முடிக்கிறார் என்பதுவரை. முன்னணிப் பாடகராக மட்டுமே நின்ற பிளான்ட்டுக்கு இந்தப் பழக்கமே கிடையாது. ஏறக்குறைய அறுபது வயதில் மாணவராக உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 'கில்லிங் தி ப்ளூஸ்' பாட்டில் இருவரும் எவ்வளவு ஒட்டிப் பாடுகிறார்கள் என்று கேளுங்கள், இரண்டு குரலும் ஒன்றோடொன்று கரைந்துபோகும். 'இமிக்ரன்ட் சாங்' பாடியவரா இவர் என்று தோன்றும்.

2008 கிராமி விழாவில் 'கான் கான் கான்' பாட்டுக்கு ஒரு விருது. 2009 பிப்ரவரியில் ஐந்து, அதில் ஆண்டின் சிறந்த ஆல்பமும் ஒன்று. ஆண்டின் சிறந்த பதிவாகத் தேர்வான பாட்டு எது தெரியுமா? முன்பு நினைவில் வைக்கச் சொன்ன 'பிளீஸ் ரீட் தி லெட்டர்'. பேஜோடு பாடியபோது அதிகம் பேர் கவனிக்காத பாட்டு. வேகத்தைக் குறைத்து, கிரௌஸின் குரலைப் பக்கத்தில் வைத்ததும் அது வேறு பிறவி எடுத்துவிட்டது.

இருவரின் அடுத்த ஆல்பம் 'ரெய்ஸ் தி ரூஃப்' வர 2021 ஆகிவிட்டது. அதுவும் நல்ல ஆல்பம். முதல் முறை கிடைத்த அந்த வியப்பு இரண்டாவது முறை கிடைக்காது, அவ்வளவுதான்.

2007ல் ஜெப்பலின் மீண்டும் சேர்ந்தார்களே, ஏன் உலகம் சுற்றவில்லை? எத்தனையோ கோடி வந்திருக்குமே?

2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம். மறைந்த அகமத் எர்டெகுனின் நினைவாக நடந்த ஒரே ஒரு கச்சேரி. பான்ஹமின் மகன் ஜேசன் டிரம்ஸில். லைவ் எய்ட் கறையைத் துடைத்தெறிந்த கச்சேரி அது. 2012ல் படமாகவும் வந்தது.

மற்ற மூவரும் தொடர விரும்பினார்கள், வேறு பாடகர்களை வைத்து ஒத்திகைகூடப் பார்த்தார்கள். பிளான்ட் வரவில்லை. 2008ல் அவர் கிரௌஸோடு சுற்றுப்பயணத்தில் இருந்தார். ரசிகர்கள் பலருக்கு இன்னமும் கோபம். எனக்கு அவர் செய்தது சரியென்றே படுகிறது. பான்ஹம் இல்லாத குழுவை ஓர் இரவுக்கு நினைவஞ்சலியாக நடத்தலாம், ஆண்டுக்கணக்கில் நடத்துவது வேறு. தவிர, அந்த நேரத்தில் அவர் கையில் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்த வேறோர் இசை இருந்தது.

குரல் போய்விட்டதால்தான் தாழ்த்திப் பாடுகிறாரா?

வயது எல்லோருக்கும் பொது. 1970ல் தொட்ட உச்சியை எழுபதைத் தாண்டியவர் தொட முடியாது. உண்மையில் அந்த மாற்றம் ஜெப்பலின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1971 மேடைப் பதிவையும் 1975 மேடைப் பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் தெரியும், மேல் ஸ்வரங்களைச் சுற்றிக்கொண்டு போக அப்போதே வழி தேடிக்கொண்டிருந்தார்.

இதே நிலைக்கு வந்த ஹார்ட் ராக் பாடகர்கள் பலர் சுருதியைக் குறைத்துக்கொண்டு பழைய பாட்டுகளையே முட்டிமோதிப் பாடுவார்கள். பிளான்ட் பாட்டின் சட்டகத்தையே மாற்றினார். 'பிளாக் டாக்' மெதுவான ஆப்பிரிக்கத் தாளத்தில் வரும், அவர் கீழ்ஸ்தாயியில் உறுமுவார். மேல்ஸ்தாயியில் மறைந்திருந்த பல விஷயங்கள் இப்போது வெளியே வந்திருக்கின்றன: சொல்லை இழுத்து விடும் விதம், வரியின் முடிவில் மூச்சோடு சேர்ந்து இறங்கும் நெளிவு, ஒரு சொல்லுக்குக் காத்திருக்கும் பொறுமை. 2017ன் 'கேரி ஃபயர்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் இது அத்தனையும் இருக்கிறது.

'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடவே மாட்டாராமே?

ஜெப்பலினின் புகழ்பெற்ற அந்தப் பாட்டுக்காக இளம் வயதில் எழுதிய வரிகளோடு தனக்கு இனி ஒட்டவில்லை என்று பல முறை சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் போர்ட்லேண்டில் ஒரு சமூக வானொலி, நன்கொடை கொடுத்தால் அந்தப் பாட்டை இனிமேல் ஒலிபரப்பவே மாட்டோம் என்று அறிவித்தது. காரில் போய்க்கொண்டே அதைக் கேட்ட பிளான்ட் தானே பணம் கொடுத்தார்.

2007க்குப் பிறகு அவர் அதைப் பாடியது 2023 அக்டோபரில், இங்கிலாந்தில் புற்றுநோய் நிதிக்காக நடந்த ஒரு சிறிய நிகழ்ச்சியில். பெரிய நன்கொடை ஒன்று வந்ததால் சம்மதித்தார். அந்தக் காணொளியைப் பார்த்தேன். அமைதியாக, எங்கும் அலட்டாமல், வரிகளைப் புதிதாகப் படிப்பவர் போலப் பாடியிருந்தார்.

இப்போது என்ன செய்கிறார்?

இடையில் 2010ல் தன் இளமைக்காலக் குழுவின் பெயரிலேயே 'பேண்ட் ஆஃப் ஜாய்' ஆல்பம் கொடுத்தார். பாடகி பாட்டி கிரிஃபினும் கிட்டார் கலைஞர் பட்டி மில்லரும் உடன் இருந்தார்கள். சில காலம் டெக்சஸில் இருந்துவிட்டு, வேல்ஸ் எல்லையை ஒட்டிய தன் பழைய நிலப்பரப்புக்கே திரும்பினார்.

அங்கே 2019 வாக்கில் உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்ததுதான் 'சேவிங் கிரேஸ்'. உலகம் அறிந்த பெயர் ஒன்றுகூட அதில் கிடையாது. பாடகி சூசி டியன் அக்கார்டியனும் வாசிப்பார். பாஞ்சோ, செல்லோ, ஒரு கிட்டார், டிரம்ஸ். சின்னச் சின்ன ஊர் அரங்குகளில், ஆரவாரம் இல்லாமல் ஆறு ஆண்டுகள் வாசித்துப் பழகிய பிறகே 2025 செப்டம்பர் 26ல் ஆல்பம் வெளியிட்டார்கள். பழைய நாட்டார் பாட்டுகள், ஆன்மிகப் பாட்டுகள், 'லோ' குழுவின் 'எவ்ரிபடிஸ் சாங்'. பல இடங்களில் டியன் முன்னால் பாட, பிளான்ட் பின்னால் நின்று இரண்டாம் குரல் கொடுக்கிறார். மேடையிலும் அப்படித்தான்.

நான் ஜெப்பலின் மட்டுமே கேட்டவன். எதிலிருந்து தொடங்கலாம்?

கனமான ராக் வேண்டும் என்றால் 'மைட்டி ரீஅரேஞ்சர்'. நல்ல பாட்டு எதுவானாலும் சரி என்பவர்கள் 'ஃபேட் ஆஃப் நேஷன்ஸ்'. வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்க 'ரெய்சிங் சாண்ட்'. இவை மூன்றும் பிடித்துவிட்டால் 'லல்லபை' ஆல்பத்துக்குப் போங்கள். எண்பதுகளின் ஆல்பங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், 'பிக் லாக்' பாட்டை மட்டும் இன்று இரவே கேட்டுவிடுங்கள்.